பழைய ஆர்.எக்ஸ். 100 கார்புரேட்டர்: முதலில் சுத்தம், கடைசியில்தான் ஸ்க்ரூ

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்து சேர்ந்தது. ஆற்றோரம் இருந்த மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் அவருடைய யமஹா ஆர்.எக்ஸ். 100 சீட்டு வரை முங்கி நின்றது. வண்டி எனக்கு வந்தது அப்படித்தான்.

இஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓட வைத்த கடையில் ஒரு தவறு நடந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதற்குள் பெட்ரோலை அளந்து விடும், துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். அடைத்துக்கொண்டிருந்த பைலட் ஜெட்டை (ஸ்லோ ஓட்டத்துக்கான ஜெட்) இரும்புக் கம்பியால் குத்தி, துளையைப் பெரிதாக்கிவிட்டார்கள். வண்டி ஓடியது, ஆனால் சிக்னலில் நின்றால் புகைந்து புகைந்து அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் கரி. நானும் மூன்று மாதம் கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் கடலூர் முதுநகரில் படகு இஞ்சின் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வண்டியின் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "ஸ்க்ரூவ கடைசியா தொடு தம்பி, மொதல்ல கழட்டிப் பாரு" என்றார். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அங்கிருந்துதான். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை முதல்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக அதே வரிசையில் எழுதுகிறேன்.

இந்த வண்டி இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. 98 சி.சி. இஞ்சின், அதில் மிகுனி கம்பெனியின் 20 மில்லிமீட்டர் வி.எம். வகைக் கார்புரேட்டர். பனிப் பிரதேசங்களில் ஓடும் பழைய ஸ்னோமொபைல்களிலும் இதே வி.எம். குடும்பத்தின் பெரிய அளவுகள்தான் இருக்கின்றன. அதனால் வெளிநாட்டுக்காரர்கள் செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், வேலை முறை ஒன்றுதான். ஆனால் அவர்கள் சொல்லும் ஜெட் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மைனஸ் 30 டிகிரிக் குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும், அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், பெரிய ஜெட் போடுவார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவு.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

கார்புரேட்டர் மேல் பழி போடும் முன் மற்றவற்றைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, இஞ்சின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தால் நீல நிறப் பொறி வர வேண்டும். இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் திறந்திருக்கக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இதில் இருப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டர், பழையதானால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, இஞ்சின் ஆயிலில் நனைத்து, பிழிந்து போடுங்கள். முறுக்காமல் பிழிய வேண்டும், முறுக்கினால் கிழிந்துவிடும். சத்தத்துக்காகச் சிலர் ஃபில்டரையே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் காற்று அதிகமாகி, கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். கடற்கரை மணலும் உள்ளே போய் பிஸ்டனைத் தேய்க்கும்.

சைலன்சரின் உள்குழாயையும் உருவிப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் வண்டி மேலே இழுக்காது. அதைப் பெட்ரோல் கூடுதல் என்று நினைத்து ஜெட்டை மாற்றுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து டேங்க் மூடி. பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் தீர்ந்தது போல வண்டி திணறி நின்றால், மூடியைத் திறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல் டேப்பின் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கழற்றுவது

திறந்த இடத்தில் உட்காருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சமையலறைப் பக்கமோ விளக்கு எரியும் பூஜை அறைப் பக்கமோ இந்த வேலை கூடாது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேப்பை மூடி, ட்யூபை உருவி, கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் தேங்கும் கப்பின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சப் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அந்த டம்ளரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். அடியில் தனியாக ஒரு முத்து போலத் தண்ணீர் நிற்கிறதா, துரு இறங்கியிருக்கிறதா என்று தெரியும். என் டம்ளரில் தென்பெண்ணை வண்டலே இருந்தது.

இரண்டு பக்கத்து கிளாம்பையும் தளர்த்திவிட்டு, மேலே உள்ள வட்ட மூடியைக் கையால் திருகித் திறங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு ஸ்லைடு (முறுக்க முறுக்க மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் உருளை) வெளியே வரும், அதன் நடுவில் நீடில் என்னும் நீள ஊசி தொங்கும். நீடில் வளைந்தால் வேறுதான் வாங்க வேண்டும், அதனால் ஸ்லைடைத் துணியில் சுற்றி ஹேண்டிலில் கட்டிவிட்டு, கார்புரேட்டரை வெளியே எடுங்கள். அடிக் கப்பில் நாலு ஸ்க்ரூ இருக்கும். நாற்பது வருடத்து அலுமினியம் அது. தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். தலை மழுங்கிவிட்டால் டிரில் போட்டு எடுப்பதுதான் வழி.

உள்ளே என்ன இருக்கும்

கடலோரத்து வண்டிகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு. கப்பைத் திறந்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல இருக்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. வண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்தத் தண்ணீர் கப்பின் அடியில் பிரிந்து தங்கி அலுமினியத்தை அரிக்கிறது. வெள்ளைப் பொடி அதுதான். அது ஜெட்டுக்குள் போனால் அடைப்பு. அதே எத்தனால் பழைய ரப்பர் ட்யூபுகளையும் ஓ ரிங்குகளையும் ஊத வைத்து இளக்கிவிடும். அதனால் கழற்றிய கையோடு பெட்ரோல் ட்யூபையும் கப் கேஸ்கெட்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள், இரண்டும் விலை அதிகமில்லை.

நடுவில் நிற்பது மெயின் ஜெட். பக்கத்தில் ஒரு குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பது பைலட் ஜெட், ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். இதன் துளை இரண்டு மூன்று தலைமுடி சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும் அளவுதான். குளிர்ந்த இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கில் மட்டும் வண்டி ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது என்றால் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி இதுதான் என்பது என் அனுபவம்.

சுத்தம் செய்யும்போது இரும்புக் கம்பி, குண்டூசி எதுவும் வேண்டாம். ஜெட் பித்தளை, இரும்பு பட்டால் துளை பெரிதாகிவிடும். பெரிதான ஜெட்டை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியே கண்ணுக்கு நேராகப் பீய்ச்சும். அப்புறமும் அடைப்பு போகவில்லை என்றால் கரண்ட் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெதுவாக விட்டுப் பாருங்கள். கடைசியாகப் பக்கத்துப் பஞ்சர் கடையில் ஏர் பிடித்து ஊதிவிடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஜெட்டைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் உடம்பில் உள்ள சின்னச் சின்ன வழிகளையும் அதே போல ஊதுங்கள். ஒரு துளையில் ஊதினால் காற்று மறுபக்கம் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் பாகங்களைக் கழற்றிவிட வேண்டும்.

ஜெட் மாற்ற வேண்டியிருந்தால் பழையதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். மிகுனியின் அசல் ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். சந்தையில் போலிகள் நிறைய. எண் ஒன்றாக இருந்தாலும் துளை ஒன்றாக இருப்பதில்லை.

கப்புக்குள் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காப்பது ஃப்ளோட். பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் அதன் ஊசியைப் பாருங்கள். கூம்பு முனையில் மோதிரம் போலத் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் பெட்ரோலை நிறுத்தாது, ஓவர்ஃப்ளோ ட்யூபில் சொட்டும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. ஃப்ளோட் உயரத்துக்கு சர்வீஸ் புத்தகத்தில் அளவு உண்டு. அதைப் பார்க்காமல், ஊசியைத் தாங்கும் ஃப்ளோட்டின் உலோக நாக்கை வளைக்காதீர்கள்.

திரும்பப் பூட்டுவது

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்லைடின் பக்கவாட்டில் உள்ள நீளக் கோடு உடம்புக்குள் உள்ள முனையோடு பொருந்தினால் தானாக வழுக்கி இறங்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். தப்பாகப் போட்டு உதைத்தால் இஞ்சின் முழு ஆக்ஸிலரேட்டரில் கத்திக்கொண்டு எழும். பூட்டியபின் ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள், "டக்" என்று ஸ்லைடு விழும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் நான் கிக்கரைத் தொடுவதில்லை.

கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். இந்த வண்டியில் அதே ஆக்ஸிலரேட்டர்தான் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான ஆயில்) பம்பின் கேபிளையும் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆயில் போகாமல் டூ ஸ்ட்ரோக் ஓடினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். பம்பை எடுத்துவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. உங்கள் பம்ப் நன்றாக இருந்தால் அதை எடுக்காதீர்கள்.

காற்றுக் கசிவு

ட்யூனிங்குக்கு முன் கடைசிச் சோதனை இது. இதைத் தவறவிட்டால் பின்னால் செய்வது எல்லாம் வீண். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விடுங்கள். இஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சிலர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பார்கள். சூடான இஞ்சின் பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளை அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சத்தம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டே இருந்தால் கசிவை முதலில் சந்தேகியுங்கள். ரப்பர் நன்றாக இருந்தும் தொங்கினால் மேக்னட் பக்கத்து கிராங்க் சீல் (இஞ்சினுக்குள் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கலாம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை கக்கும். இந்த இரண்டும் கார்புரேட்டர் வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை. கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் திரும்பத் துப்பினால், கலவையை ஒரு பக்கமாக மட்டும் உள்ளே விடும் ரீட் வால்வைப் பாருங்கள்.

இப்போது ஸ்க்ரூ

பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ. பெரியது ஸ்லைடைத் தூக்கிப் பிடிப்பது, இதுதான் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ. ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளி இருக்கும் சின்னது ஏர் ஸ்க்ரூ. ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் காற்று கூடும்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள், குளிர்ந்த இஞ்சினில் வைத்த செட்டிங் நிற்காது. இஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் ஸ்க்ரூவை உள்ளே முட்டும் வரை மெதுவாகத் திருகுங்கள். முட்டியதும் நிறுத்த வேண்டும், இறுக்கினால் முனை உடையும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, அணையாத அளவுக்கு ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். இனி ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, பத்து விநாடி காத்திருந்து கேளுங்கள். மறுபடி கால் சுற்று. சத்தம் ஏறி ஏறி ஓரிடத்தில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கும். அந்த உச்சத்தில் நிறுத்துங்கள். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துவிட்டு, இன்னொரு முறை உச்சத்தைத் தேடுங்கள். இரண்டாம் முறையும் அதே இடம் வந்தால் சரி.

அந்த உச்சம் அரைச் சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட்டில் அடைப்பு மிச்சம் இருக்கிறது, இல்லையென்றால் ஜெட் சின்னது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் ஜெட் பெரிது. என் வண்டியில் நாலு சுற்று வெளியே எடுத்தும் புகைந்தது, கம்பி விட்ட ஜெட் அல்லவா. புது ஜெட் போட்டதும் ஒன்றேமுக்காலில் நின்றது.

ஹேண்டிலை இடது வலதாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

ஓட்டிப் பார்ப்பது

ஆக்ஸிலரேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஸ்லைடின் வெட்டும். காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் கோளாறு வருகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் பார்த்தால் போதும்.

நான் சோதித்துப் பார்ப்பது விடியற்காலையில். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகப் புதுச்சேரிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் போல வரும். ஏழு மணிக்குமேல் கம்பெனிப் பேருந்துகள் வந்துவிட்டால் ஒரே வேகத்தில் ஓட்ட முடியாது. பெட்ரோல் விலை புதுச்சேரியில் குறைவு என்பதால் எல்லையைத் தாண்டியதும் டேங்க்கையும் நிரப்பிக்கொள்வேன்.

நடு வேகத்தில் திணறினால், ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். பிக்கப் கூடினால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். நீடிலின் தலைப்பக்கத்தில் கிளிப் மாட்ட ஐந்து காடி, அதாவது வெட்டுப் பள்ளம், உண்டு. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறிப் பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு காடி, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றியதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முழு ஆக்ஸிலரேட்டரில் தொண்டை அடைத்தது போல "டர டர" என்று விட்டு விட்டு ஓடினால் மெயின் ஜெட் பெரிது. அதில் ஆபத்தில்லை. ஆபத்து மறுபக்கம்தான். மெயின் ஜெட் சின்னதாக இருந்தால் வண்டி கூர்மையாக, இன்னும் வேகமாகப் போவது போலத் தோன்றும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் போய்விடும். திடீரென்று இஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படி இறுகுவது போல உணர்ந்த கணமே கிளட்ச்சைப் பிடியுங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் பெரிய ஜெட் பக்கமே நில்லுங்கள்.

ஐந்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, வேகத்திலேயே கிளட்ச்சைப் பிடித்து இஞ்சினை நிறுத்தி, ஓரம் கட்டி, ஆறியதும் பிளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது. கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் அந்த வேகத்தில் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பருவத்துக்குப் பருவம் நம் ஊரில் ஜெட் மாற்றத் தேவையில்லை. மார்கழிக் குளிருக்கும் கத்திரி வெயிலுக்கும் நடுவில் ஏர் ஸ்க்ரூவில் கால் சுற்று போதும். ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் காற்று மெலிந்து வண்டி கொஞ்சம் புகையும், சோம்பும். இறங்கியதும் சரியாகிவிடும், அங்கே வைத்து எதையும் திருக வேண்டாம்.

வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி, இஞ்சின் தானாக அணையும் வரை ஸ்லோவில் ஓடவிட்டு, டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கப்பைக் காலி செய்துவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் மாமா வீட்டில் நான் செய்யும் முதல் வேலை இது. வண்டியையும் இப்போது திண்ணை மேல் ஏற்றித்தான் நிறுத்துகிறோம்.